இரவல் நகை

முதலில் வந்த இன்ஸ்பெக்டர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அரைமணி நேரம் நின்றார். போகும்போது விசிட் புத்தகத்தில் நாலு வரி எழுதிவைத்துவிட்டுப் போனார். ‘பிள்ளைகள் அழுக்காக இருக்கின்றன. பாதிக்கு மேல் உடுப்பே இல்லை. கஞ்சிக் கொட்டகையில் ஈ மொய்க்கிறது. அடுத்த விசிட்டுக்குள் சீர்திருத்தாவிட்டால் இதைத் தொடர்ந்து நடத்துவது பற்றி யோசிக்க வேண்டிவரும்.’

கள்ளிமேட்டுப்பட்டியின் குடியைக் கெடுத்தது அந்த நாலு வரிதான். அவரைக் குறை சொல்லிப் புண்ணியமில்லை. அழுக்கைப் பார்த்தார், அழுக்கு என்று எழுதினார். குடிக்கவே ஒன்றரை மைல் நடந்து ஊற்றுத் தோண்டித் தண்ணீர் எடுக்கிற ஊரில் பிள்ளையை எதில் குளிப்பாட்டுவது என்று அவர் யோசிக்கவில்லை. யோசிப்பதற்கு அந்தப் புத்தகத்தில் இடமும் விட்டிருக்கவில்லை.

தேனியிலிருந்து ஆண்டிபட்டிக் கணவாய்ப் பக்கம் ஏழு மைல் போனால், சாலையை விட்டு உள்ளே இரண்டு மைல் தள்ளிக் கிடந்தது ஊர். மலைக்கு அந்தப் பக்கமிருந்து குடைந்து கொண்டுவந்த தண்ணீர் கூடலூர், கம்பம், சின்னமனூர் என்று பள்ளத்தில் இருப்பவர்களுக்கெல்லாம் இரண்டு போகம் விளையப் பாய்ந்துவிட்டு, வைகையோடு சேர்ந்து மதுரைக்குப் போய்விடும். மேட்டில் இருப்பவர்கள் வானத்தைத்தான் பார்க்க வேண்டும். வானம் இரண்டு வருஷமாகக் கண்ணைத் திறக்கவில்லை. ஆண்கள் குமுளி ஏறி ஏலக்காட்டு வேலைக்குப் போனார்கள். போனதில் பாதிப் பேர் காய்ச்சலோடு திரும்பினார்கள். சிலர் திரும்பவே இல்லை. உலகம் பூராவும் விலை இறங்கிப்போய்க் கிடந்த முப்பத்துமூன்றாம் வருஷம் அது. கூலியும் அதற்கேற்ற மாதிரிதான் இருந்தது.

அந்தத் தை மாதம் சர்க்கார் நிவாரண இலாகா அங்கே ஒரு கஞ்சிக் கொட்டகை போட்டது. பத்து வயசுக்குக் கீழே இருக்கிற பிள்ளைகளுக்கு மத்தியானம் ஒரு வேளை கேப்பைக் கஞ்சி. ரெஜிஸ்தரில் அறுபத்துநாலு பெயர். அந்த ரெஜிஸ்தரை எழுதுகிற வேலைக்கு வந்தவன்தான் கருத்தக்கண்ணன். சொந்த ஊர் காமயகவுண்டன்பட்டி. எட்டாம் வகுப்புப் படித்தவன், வயது இருபத்தாறு. வயலும் தென்னையுமாக இருக்கிற ஊரிலிருந்து இந்தக் காட்டுக்கு வந்து சேர்ந்தவனுக்கு முதல் வாரம் ஒன்றும் ஓடவில்லை. வரிசையில் நிற்கிற பிள்ளைகளின் கையையும் காலையும் பார்த்துவிட்டு அவனுக்குச் சோறு இறங்கவில்லை. பிறகு இறங்கியது. மனுஷனுக்கு எல்லாம் பழகிப்போகிறது, என்ன செய்ய!

கஞ்சி காய்ச்சுகிறவள் மூக்கம்மாள். புருஷன் ஏலக்காட்டுக் காய்ச்சலில் போய்விட்டான். ஒரே மகள் பவுனு, ஆறு வயது. தகப்பனோடு மலையில் இருந்தபோது அவளுக்கும் அந்தக் காய்ச்சல் ஒட்டிக்கொண்டது. காலும் கையும் குச்சி, இடது விலாவுக்குக் கீழே கட்டி வீங்கி வயிறு மட்டும் முன்னால் தள்ளிக்கொண்டிருக்கும். கொட்டகை வந்த பிறகுதான் அவள் சுவரைப் பிடிக்காமல் நடந்தாள். மூக்கம்மாள் அதைக் கருத்தக்கண்ணனிடம் தினமும் சொல்லுவாள். “இன்னைக்குக் கோயிலு வரைக்கும் நடந்துட்டா ரைட்டரே.” மறுநாள், “இன்னைக்கு ஊருணிக் கரை ஏறிட்டா.” ஐப்பசியில் மழை இறங்கும்வரை இந்தக் கஞ்சி நிற்காமல் இருந்தால் பிள்ளை பிழைத்துக்கொள்ளும் என்பது அவள் கணக்கு. ஊருக்கும் அதே கணக்குத்தான்.

ஆனி மாதம் இரண்டாவது விசிட்டுக்குக் கடுதாசி வந்தது. ‘வருகிற அரைவருஷத்துக்கான பட்ஜெட் ஒதுக்கீடு சம்பந்தமாகத் தணிக்கை அதிகாரி நேரில் பார்வையிடுவார்’ என்று தேதி போட்டிருந்தது. முதல் இன்ஸ்பெக்டர் எழுதிய நாலு வரியைக் கருத்தக்கண்ணன் நெட்டுருவாகவே வைத்திருந்தான். அழுக்கு, உடுப்பு, ஈ. அதற்குத்தான் வருகிறார்கள் என்று நினைத்துக்கொண்டான். வேறு எதற்கு வருவார்கள் என்று அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

நேரே நாட்டாமை மொக்கைச்சாமியிடம் போனான். நாட்டாமைக்கு அறுபது வயது இருக்கும். பட்டினியிலும் மீசைக்கு எண்ணெய் போடுகிற ஆள். கடுதாசியை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, உட்கார்ந்திருந்தவர் எழுந்துவிட்டார்.

“ரைட்டரு தம்பி, இந்த ஊருக்கு ஆபீசருன்னு ஒருத்தர் வந்து எத்தன காலமாச்சு? வெள்ளக்காரரு சர்வேக் கல்லு நட வந்தாகன்னு எங்கய்யா சொல்லுவாக. அதுக்குப் பெறகு போன தடவ ஒருத்தர் வந்தாக, மூக்கப் பொத்திக்கிட்டு நின்னாக. எனக்கு நாக்கப் புடுங்கிக்கிறலாம்போல இருந்துச்சு. இவுகளும் வந்து, சீ, இதென்ன பிச்சக்காரப் பட்டின்னு துப்பிட்டுப் போகவா?”

“அதான் பெரியவரே. பிள்ளைகளச் சுத்தமா, துணியோட நிப்பாட்டணும். இல்லேன்னா கொட்டகைய எடுத்துருவாக.”

“நிப்பாட்டுறேன். பாத்து அசந்து போற மாதிரி நிப்பாட்டுறேன்.”

அங்கன நின்று கேட்டுக்கொண்டிருந்த மூக்கம்மாளுக்கு இது சரியாகப் படவில்லை. “அம்மணமா இருக்கிறத அம்மணமாவே பாத்துட்டுப் போகட்டுமே மாமா. அதப் பாத்தாத்தான வாரவுகளுக்கும் இரக்கம் வரும்” என்றாள்.

நாட்டாமை அவளை ஒரு பார்வை பார்த்தார். “ஏ ஆத்தா, ஒன் வீட்டுக்கு விருந்தாளி வந்தா ஒடஞ்ச சட்டியவா மொதல்ல எடுத்துக் காட்டுவ? போ, போய் ஒன் சோலியப் பாரு.”

மூக்கம்மாள் கருத்தக்கண்ணனைப் பார்த்தாள். அவளுக்காக அவன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவன் கண்முன்னால் அந்த நாலு வரிதான் நின்றது. “சுத்தமா இருக்கணும்னு எழுதியே வச்சிருக்காகக்கா” என்றான். பிற்பாடு எத்தனையோ தடவை அவன் அந்த இடத்துக்கே திரும்பிப் போய் நாக்கைக் கடித்துக்கொண்டான். கடித்து என்ன ஆகப்போகிறது?

ஊரில் ஒரு திருவிழாக் களை வந்துவிட்டது. பசித்துக் கிடந்த ஊருக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ரோஷம் வந்ததோ! இந்தப் பக்கத்துச் சனங்களுக்கு இரவல் நகை புதிதல்ல. காதுகுத்து, சடங்கு, பொண்ணு பார்க்க வருவது என்றால் சம்பந்தி வீட்டுக் காப்பும் கொலுசும் ஊர் ஊராகப் போய்வரும். வாங்கினவர்கள் காரியம் முடிந்த அன்றைக்கே துடைத்துத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அது தவறினதாகச் சரித்திரமில்லை. பொம்பளைகள் கூட்டமாகக் கிளம்பினார்கள். கெங்குவார்பட்டியில் கட்டிக்கொடுத்த மகள் வீட்டுக்குச் சிலர், சின்னமனூர்ப் பக்கம் கொழுந்தன் வீட்டுக்குச் சிலர். மூன்றாம் நாள் திரும்பி வந்தபோது மடியில் வெள்ளிக் காப்பும் கொலுசும் அரணாக்கொடியும் பாவாடை சட்டையும் இருந்தன. ஐந்தாறு பிள்ளைகளுக்குக் காதில் போடத் தங்கமே வந்திருந்தது.

விருந்தாளிக்குச் சோறு போட வேண்டுமே. விதைக்கென்று குலுக்கையில் வைத்திருந்த சோளத்தில் வீட்டுக்கு ஒரு படி அளந்தெடுத்துத் தேனிச் சந்தையில் கொடுத்து நெல்லரிசி மாற்றிக்கொண்டு வந்தார்கள். ஊரில் முட்டையிட்டுக்கொண்டிருந்த கோழி மூன்றே மூன்று. அதில் இரண்டைப் பிடித்துக் கூடையில் கவிழ்த்தார்கள். அதிகாரி வரும் நாளன்று விடியுமுன்பே வண்டி கட்டிப் போய்ப் பீப்பாயில் தண்ணீர் கொண்டுவந்து, பிள்ளைகளுக்கு அரப்புத் தேய்த்துத் தலைமுழுக வைத்தார்கள். மூக்கம்மாள் வாயைத் திறக்காமல் பவுனுவுக்கும் தலைவாரினாள். கெங்குவார்பட்டிச் சிவப்புப் பாவாடையும் கால் கொலுசும் போட்டவுடன் அந்தப் பிள்ளை ஓடி ஓடிச் சத்தம் கேட்டுப் பார்த்தது. அதைப் பார்த்ததும் அவளும் சிரித்துவிட்டாள். மனசு எவ்வளவு சொன்னாலும் பெற்றவளுக்குப் பிள்ளை அழகாகத்தானே தெரியும்.

அதிகாரி சாலைவரை காரிலும் அப்புறம் மாட்டுவண்டியிலுமாக வந்து இறங்கினார். ஐம்பது வயது, ஒல்லி, மதராஸ்காரர். முகத்தில் அதட்டல் இல்லை, அலுப்பு இருந்தது. கூடவே ஃபைல் கட்டோடு சுயம்புலிங்கம் என்று ஒரு குமாஸ்தா. ஊர் எல்லையில் வாழைமரம் கட்டிக் கொட்டுமேளத்தோடு நின்றார்கள். அதிகாரி மாலையைக் கையில் வாங்கிக்கொண்டு எல்லாரையும் கும்பிட்டார். நாட்டாமைக்கு மார்பு நிமிர்ந்தது.

கொட்டகை சாணம் மெழுகிப் பளிச்சென்று இருந்தது. அறுபத்துநாலு பிள்ளைகளும் இரண்டு வரிசையாக நின்றன. அதிகாரி ஒவ்வொரு பிள்ளையாகப் பார்த்துக்கொண்டே நடந்தார். கருத்தக்கண்ணன் ரெஜிஸ்தரை ஏந்திக்கொண்டு பின்னாலேயே போனான். அவருடைய கண் பிள்ளைகளின் கையிலும் காலிலும் நின்று நின்று போவதைக் கண்டான். காணாமலென்ன, பெருமையாகவே இருந்தது அவனுக்கு. பவுனு முன்னால் அவர் குனிந்தார்.

“சாப்பிட்டியா பாப்பா?”

“சாப்ட்டேன்.”

முந்தினநாள் மத்தியானக் கஞ்சிக்குப் பிறகு அவள் வாயில் பச்சைத் தண்ணீர்தான் போயிருந்தது. ஆனால் வேற்று ஆள் சாப்பிட்டாயா என்று கேட்டால் ஆச்சு என்றுதான் சொல்ல வேண்டும். இல்லை என்று சொல்வது பிச்சை கேட்பது மாதிரி. அதைப் பிள்ளைகளுக்கு யாரும் தனியாகச் சொல்லிக்கொடுப்பதில்லை, தானாகவே வந்துவிடும். அவர் பதினைந்து பிள்ளைகளிடம் அதே கேள்வியைக் கேட்டார். பதினைந்தும் அதே பதிலைச் சொல்லின. சுயம்புலிங்கம் குறித்துக்கொண்டான்.

சாப்பாட்டு நேரத்தில்தான் தெரிந்தது, அதிகாரி சைவம். இரண்டு டம்ளர் மோர் மட்டும் குடித்தார். வயிற்றுப்புண்ணாம். இரண்டு கோழியில் ஒன்றைச் சுயம்புலிங்கம் ஒருவனே தீர்த்துவிட்டு, “குழம்பு பிரமாதம்” என்று நாட்டாமையிடம் சொன்னான். வெள்ளைச் சோறு வாசம் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் வெளியே நின்றன. நாட்டாமை கண்ணாலேயே அவற்றை விரட்டினார்.

கை கழுவிய பிறகு அதிகாரி கருத்தக்கண்ணனைப் பக்கத்தில் கூப்பிட்டார். ஊர்ப் பெரியவர்கள் சுற்றி நின்றார்கள்.

“ரொம்ப நல்லா வச்சிருக்கீங்க. இந்தத் தாலுகாவிலே இவ்வளவு சுத்தமான கொட்டகையை நான் பார்க்கலை. ஊர் நல்ல நிலைமைக்கு வந்திட்டதிலே சந்தோஷம். இந்த மாசக் கடைசியோட இதை நிறுத்திடலாம்னு எழுதறேன்.”

யாருக்கும் முதலில் புரியவில்லை. நாட்டாமைகூடச் சிரித்த முகம் மாறாமல் நின்றார். கருத்தக்கண்ணன்தான் கேட்டான்.

“நிறுத்துறதுன்னா...”

“மூடுறது. சர்க்கார் செலவைச் சுருக்கச் சொல்லியிருக்கு. தேவையில்லாத இடத்திலே எடுத்துத் தேவையான இடத்துக்குக் கொடுக்கணும். கொலுசும் தங்கத் தோடும் போட்ட பிள்ளைக்கு நிவாரணக் கஞ்சி ஊத்தினோம்னு தெரிஞ்சா என்னைக் கேட்பாங்களா இல்லையா?”

கருத்தக்கண்ணன் அப்போது செய்ததைத் தைரியம் என்று சொல்ல முடியாது. பதறிவிட்டான், அவ்வளவுதான். “ஐயா, அது ஒண்ணும் இவுகளுது இல்லைங்கய்யா. எல்லாம் இரவல். உங்களுக்காக வாங்கிப் போட்டது” என்று கத்தியேவிட்டான்.

நாட்டாமை மொக்கைச்சாமியின் முகம் கறுத்துப்போயிற்று. மேளம் கொட்டி அழைத்துவந்த பெரிய மனுஷர் முன்னால், பிழைக்க வந்த பயல் ஒருவன் ஊரின் மானத்தை அவிழ்த்துப் போட்டுவிட்டானே! கொட்டகை மூடப்போகிறது என்பது அந்த நிமிஷம் அவருக்கு உறைக்கவே இல்லை. உறைத்ததெல்லாம் அந்த ஒரு சொல்தான்.

“எவன்டா சொன்னான் இரவல்னு? அது எங்க ஊருப் பிள்ளைக நக. எங்க பாட்டன் பூட்டன் காலத்து நக. ஐயா, இவன் வெளியூர்க்காரன், இவன் பேச்ச எடுத்துக்கிறாதீக!”

“மாமா!” என்று அலறிக்கொண்டு மூக்கம்மாள் கூட்டத்தைப் பிளந்து வந்தாள். பவுனுவை இடுப்பிலிருந்து இறக்கி, அவள் காலிலிருந்து கொலுசைக் கழற்றி அதிகாரியின் முன்னால் வைத்தாள். “சாமி, இது கெங்குவார்பட்டில எங்க நாத்தனா மகளுது. பாவாடையும் அவளுதுதான். நீங்க குடிச்ச மோரும் அறுத்த கோழியும் தவுர இங்கன எதுவும் எங்களுது இல்ல. சோத்துக்கு விதைச் சோளத்தத்தேன் வித்திருக்கோம். இந்த வயிறு தின்னு வீங்குனதில்ல சாமி, காச்சக் கட்டி. தொட்டுப் பாருங்க.”

அதிகாரி தொட்டுப் பார்த்தார். பொய் சொல்லக் கூடாது, குனிந்து அந்தப் பிள்ளையின் விலாவைத் தொட்டே பார்த்தார். அவர் முகம் மாறியது. ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் சுயம்புலிங்கம் பல்லைக் குத்திக்கொண்டே ஒரு கேள்வி கேட்டான். கெட்டவன் என்று அவனையும் சொல்ல முடியாது. ஃபைலில் எழுத ஒரு காரணம் வேண்டும், அவன் பிழைப்பே அதுதான்.

“ஏம்மா, கேட்டவுடனே வெள்ளியும் தங்கமும் தூக்கிக் குடுக்கிற சொந்தக்காரங்க, உங்க பிள்ளைங்களுக்கு ரெண்டு மாசம் கஞ்சி ஊத்த மாட்டாங்களா?”

மூக்கம்மாள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். “நக சாயந்திரம் திரும்பி வந்திரும்னு குடுத்தாகய்யா. குடிச்ச கஞ்சி திரும்பி வருமா?”

அவள் சொன்னதைச் சுயம்புலிங்கம் குறித்துக்கொள்ளவில்லை.

திரும்பும்போது அதிகாரி கருத்தக்கண்ணனையும் வண்டியில் ஏறச் சொன்னார். சாலை வரும்வரை அவனோடு பேசிக்கொண்டே வந்தார். அந்த மனுஷர் நல்லவர் என்பதுதான் இந்தக் கதையில் பெரிய கொடுமை. முரடராக இருந்திருந்தால் திட்டியாவது தீர்த்திருக்கலாம்.

“நீயும் அந்தப் பொம்பளையும் சொன்னதை நான் நம்பறேன்ப்பா. என்கிட்டே அஞ்சு கொட்டகை இருக்கு. ரெண்டுக்குத்தான் பணம் ஒதுக்கியிருக்காங்க. மூணை மூடிட்டுத்தான் நான் மதுரைக்குப் போகணும். எதை மூடணும்னு தெரியாமத்தான் ஊர் ஊரா அலையறேன். நேத்துப் புளியங்கரட்டிலே பிள்ளைங்க அம்மணமா, புண்ணும் சீழுமா நின்னுது. அதை மூட எனக்குக் கை வரலை. இங்கே வந்தா மேளம் கொட்டறீங்க.”

“இங்கயும் அப்படித்தாங்கய்யா. நேத்து வந்திருந்தா...”

“நேத்து வரலையே.”

கொஞ்ச தூரம் வண்டி ஆடி ஆடிப் போனது. பிறகு அவர் சொன்னார். “சரி, இரவல்னு எழுதறேன்னு வச்சுக்கோ. மேலே இருக்கிறவங்க அதை எப்படிப் படிப்பாங்க தெரியுமா? கொட்டகையை நடத்தறவன் வேஷம் போட்டு ஏமாத்தியிருக்கான், அப்போ ரெஜிஸ்தரும் பொய்யாத்தான் இருக்கும்னு படிப்பாங்க. விசாரணை வரும். விசாரணை முடியிற வரைக்கும் கொட்டகையை நிறுத்தி வைப்பாங்க. உன் வேலையும் போகும். எழுதலேன்னா கொட்டகை மட்டும் போகும். நீயே சொல்லு, எப்படி எழுதட்டும்?”

இந்த இடத்தில் கருத்தக்கண்ணன் பேசியிருக்க வேண்டும். என் வேலை போனாலும் பரவாயில்லை, உள்ளதை எழுதுங்கள், விசாரணை வரட்டும், எவனாவது ஒருத்தன் வந்து மறுபடி பார்க்கட்டும் என்று சொல்லியிருக்க வேண்டும். வண்டி சாலைக்கு ஏற இன்னும் அரை மைல் இருந்தது, நேரமும் இருந்தது. அவன் ஊரில் கிடக்கிற அப்பனை நினைத்தான், மாதம் பிறந்தால் வருகிற பதினோரு ரூபாயை நினைத்தான். முன்பு பன்னிரண்டு, சிக்கனத்தில் ஒரு ரூபாய் பிடித்துவிட்டார்கள். இந்த வேலையை விட்டால் அந்தக் காலத்தில் எட்டாம் வகுப்புக்கு ஏலக்காடுதான். அவன் மாட்டின் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தான். அதிகாரி வற்புறுத்தவில்லை. காருக்குப் பக்கத்தில் நின்றபடியே விசிட் புத்தகத்தை வாங்கி எழுதிக் கொடுத்தார். ‘கொட்டகை மிகச் சுத்தமாகவும் ஒழுங்காகவும் நடத்தப்பட்டிருக்கிறது. பிள்ளைகள் நல்ல தோற்றத்துடன் இருக்கின்றன. எழுத்தரின் உழைப்பு பாராட்டத்தக்கது. இனி இங்கே நிவாரணம் தேவைப்படாது.’

அவன் அதை இரண்டு தடவை வாசித்தான். அவனைப் பற்றி ஒருவர் நல்லதாக எழுதியது அதுவே முதல் தடவை.

அன்றைக்குச் சாயங்காலமே நகையெல்லாம் துடைக்கப்பட்டு, மடியில் கட்டப்பட்டு, வந்த வழியே போயிற்று. ஒரு காப்புக்கூடக் குறையவில்லை. நாட்டாமை அதன் பிறகு கருத்தக்கண்ணனோடு பேசவில்லை. கொட்டகை மூடுகிற அன்றைக்கும் அவர் வரவில்லை. வந்தது பிள்ளைகள் மட்டும்தான். கடைசிக் கஞ்சியை மூக்கம்மாள் தண்ணீராக்காமல் கெட்டியாகக் காய்ச்சி ஊற்றினாள். மறுநாள் மத்தியானமும் பிள்ளைகள் சட்டியோடு வந்து வெறும் கொட்டகை முன்னால் உட்கார்ந்திருந்ததாம். அதற்கு மறுநாளும் வந்ததாம். கருத்தக்கண்ணன் அதைப் பார்க்கவில்லை, அவன் அதற்குள் கிளம்பிப் போய்விட்டிருந்தான்.

போனது புளியங்கரட்டுக்கு. நாலு மைல்தான். அங்கே ரெஜிஸ்தர் எழுதிக்கொண்டிருந்தவன் காய்ச்சலில் படுத்துவிட, ‘பாராட்டத்தக்க’ ஆளை அங்கே மாற்றினார்கள். பிடித்த ஒரு ரூபாயையும் திருப்பிக் கொடுத்தார்கள். புது இடத்துக்குப் புது நிபந்தனைகளோடு ஒரு கடுதாசி வந்தது. எழுபது பிள்ளைகளுக்கு மேல் ஒரு பிள்ளைக்கும் ஊற்றக் கூடாது. புளியங்கரட்டைச் சேர்ந்த பிள்ளையாக இருக்க வேண்டும். மீறினால் அடுத்த தணிக்கையில் இதையும் எடுத்துவிடுவோம். அவன் அதைக் கொட்டகைத் தூணில் ஒட்டி, வாசிக்கத் தெரியாத ஊருக்கு உரக்க வாசித்தும் காட்டினான்.

ஆடி கழிந்து ஆவணி பிறந்து ஒரு வாரம் இருக்கும். கஞ்சி ஊற்றத் தொடங்கிய நேரம். ஊருக்கு வெளியே புளியமரத்தடியில் ஒரு பொம்பளை பிள்ளையை இறக்கிவிட்டு என்னவோ செய்துகொண்டிருப்பது கருத்தக்கண்ணன் கண்ணில் பட்டது. பிள்ளையின் துணியை அவிழ்த்து மடியில் செருகினாள். குனிந்து கைநிறையப் புழுதியை அள்ளிப் பிள்ளையின் தலையிலும் மேலிலும் தேய்த்தாள். பிறகு தூக்கிக்கொண்டு வந்தாள். பக்கத்தில் வந்த பிறகுதான் அது மூக்கம்மாள் என்று அவனுக்குத் தெரிந்தது. அவ்வளவு வற்றிப்போயிருந்தாள். பவுனுவுக்குத் தலை நிற்கவில்லை, தாயின் தோளில் சாய்ந்திருந்தது. இறக்கிவிட்டால் நிற்க முடியாமல் உட்கார்ந்துவிட்டாள்.

“அக்கா...” என்றான்.

அவள் அழவில்லை. ஏதோ ஆபீசில் காகிதம் நீட்டுகிறவள் மாதிரிப் பேசினாள்.

“நல்லாப் பாருங்க ரைட்டரே. தலைக்கு எண்ணெ வைக்கல. குளிப்பாட்டல. கையில காலுல ஒண்ணுமில்ல. துணியும் இல்ல. இங்கன இப்படி இருந்தாத்தேன் ஊத்துவாகன்னு சொன்னாக. இப்பச் சரியா இருக்காளா?”

வரிசையில் நின்ற பொம்பளைகள் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களுக்கு அவளைத் தெரியும். “இவ கள்ளிமேட்டுக்காரில்ல? ஒண்ணுக்கு ஊத்துனா நாளைக்கு அந்த ஊரே வந்து நிக்கும். எங்க பிள்ளைக கஞ்சிக்கு ஒல வச்சிராதீக ரைட்டரே” என்றாள் ஒருத்தி. அவள் இடுப்பிலும் ஒரு பிள்ளை இருந்தது. அதற்கும் கை குச்சியாகத்தான் இருந்தது. அவள் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. ஊற்றினால் அறுபத்துநாலும் வரும். வந்தால் இந்த எழுபதும் போகும்.

கருத்தக்கண்ணன் தூணைப் பார்த்தான், அண்டாவைப் பார்த்தான். எழுபது பெயர்க் கஞ்சி அதில் கொதித்துக்கொண்டிருந்தது.

“இந்த ஊருப் பிள்ளைகளுக்குத்தான்க்கா. பேரு ரெஜிஸ்தர்ல இருக்கணும்” என்றான். தன் குரல்தானா அது என்று அவனுக்கே கூச்சமாக இருந்தது.

மூக்கம்மாள் பிள்ளையைத் தலையிலிருந்து கால்வரை ஒரு தடவை பார்த்தாள், எதையோ விட்டுவிட்டோமா என்று தேடுகிற மாதிரி.

“இன்னும் என்னத்தக் கழட்டணும் ரைட்டரே? அதையாச்சும் சொல்லுங்க.”

அவன் குனிந்து ரெஜிஸ்தரைப் புரட்டினான். வரிசையில் அடுத்து நின்ற பிள்ளையின் பெயரைக் கூப்பிட்டான்.